அர்த்தனாரி டோன்

ஊற்றுக்குழி வளவு, மலைமேல் குண்டூர் நாட்டின் ஒரு மூலையில் இருக்கிற சின்ன ஊர். மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்த பகுதி. அங்கே ஒரு பழக்கம் உண்டு. எதிர்ச் சரிவிலிருந்து யாராவது "ஓ" என்று கூப்பிட்டால், காதில் விழுந்த அத்தனை பேரும் பதிலுக்கு ஒரு "ஓ" போட வேண்டும். கூப்பிட்டது தன்னையா அடுத்தவனையா என்பதெல்லாம் பிறகு. கூப்பிட்டவனுக்குத் தன் குரல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். தெரியாவிட்டால் அவன் பள்ளத்தில் இறங்கி, மறுபடி மேடேறி, நேரில் வந்துதான் சொல்ல வேண்டும். அதனால் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாலும் நிமிர்ந்து ஒரு ஓ போட்டுவிட்டுத்தான் மறுபடி குனிவார்கள். பதில் போடாதவனுக்குத் திமிர் பிடித்தவன் என்று பெயர். நல்ல பழக்கம்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் போனுக்குள் வைத்ததில்தான் வம்பு வந்தது.

வைத்தவள் பானுமதி. பஸ் நிற்கிற இடத்தில் தையல் கடை வைத்திருப்பவள். பஸ் வரும் வரும் என்று மிளகு மூட்டையோடு காலையிலிருந்து காத்திருந்துவிட்டு, அது அடிவாரத்திலேயே பழுதாகி நின்றுபோன செய்தி மத்தியானம் தெரிந்து திரும்பிப் போகிற பெண்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் ஆரம்பித்ததுதான் 'நம்ம வளவு' என்ற வாட்ஸ்அப் குழு. வீட்டுக்கு ஒருவர் என்று தொடங்கி, அப்புறம் போன் வைத்திருக்கிற எல்லாரும் என்று ஆகி, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பையன்கள், கேரளாவில் மிளகு பறிக்கப் போனவர்கள் என்று அத்தனை பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். பானுமதிதான் அட்மின். அந்தப் பதவி அவளுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதா பின்னே? சட்டைக்குப் பட்டன் வைக்கிறவளை ஊர்க்கூட்டத்தில் யார் ஒரு வார்த்தை கேட்டார்கள்? இப்போது ஊர்க்கவுண்டர் சின்னுசாமியே கடை வாசலில் வந்து நின்று, "பானு, இதக் கொஞ்சம் குரூப்புல போட்டு உடு கண்ணு" என்கிறார்.

குழுவிலும் அதே ஓ பழக்கம்தான். ஒருவர் "பஸ் வரல" என்று போட்டால் வரிசையாக "சரிங்க", "சரிங்க", "சரிங்க" என்று விழும். திருப்பூரில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற பையன் அந்த பஸ்ஸில் ஏறப் போவதே இல்லை, அவனும் ஒரு "சரிங்க" போடுவான். போடாவிட்டால் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது "என்னப்பா, பெரிய ஆளாயிட்ட" என்று இடித்துக் காட்டுவார்கள். ஒரு செய்திக்கு ஊர் முழுக்கப் பதில். போன் சூடாகிப் போகும். அதைக்கூட பானுமதி பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வாள்.

இந்தக் குழுவால் யாருக்கு நல்லது நடந்ததோ இல்லையோ, அர்த்தனாரிக்கு நடந்தது. அவர் வீடு வளவை விட்டுத் தள்ளி, புளியஞ்சோலையிலிருந்து ஏறி வருகிற ஒற்றையடிப் பாதை வந்து முடிகிற விளிம்பில் இருக்கிறது. மலைமேல் டவர் படுத்துவிட்டாலும் அடிவாரத்து டவர் அவர் வாசலுக்கு எட்டும். பஸ் வளைவு திரும்புவது, மழை துறையூர்ப் பக்கமிருந்து ஏறி வருவது எல்லாம் அங்கே நின்றால் தெரியும். ஆனால் தெரிந்து என்ன செய்ய? அர்த்தனாரிக்குத் திக்குவாய். சிறு வயது முதலே அப்படித்தான். ஊர்க்கூட்டத்தில் வாய் திறந்ததே கிடையாது. அவர் ஒரு சொல்லை ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் பொறுக்க மாட்டாமல் அதை முடித்துக் கொடுத்துவிடுவார்கள். பல நேரம் தப்பாக முடிப்பார்கள். அவரும் சண்டை எதற்கு என்று தலையாட்டிவிடுவார். கேட்காத சாமானையெல்லாம் இப்படி வாங்கிக்கொண்டு வந்து நிற்பார் என்று அவர் மனைவி ருக்குமணி சொல்லிச் சிரிப்பாள்.

பானுமதிதான் அவரை வற்புறுத்திக் குழுவில் சேர்த்தாள். "எழுத வேண்டாங்கண்ணா. இந்த மைக்க அமுக்கிப் பேசுங்க. சரியா வரலைன்னா அழிச்சுட்டு மறுக்காப் பேசுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

அவர் அப்படியே செய்தார். பலாமரத்தடியில் நின்று பேசுவார், அழிப்பார், பேசுவார், அழிப்பார். கடைசியில் சுத்தமான ஒரு வாக்கியம் குழுவில் வந்து விழும்: "பஸ்சு வளைவு திரும்பிருச்சுங்க." வளவுக்காரர்கள் அவர் குரலை முழுசாகக் கேட்டதே அப்போதுதான். கனத்த, அழகான குரல். "நம்ம அர்த்தனாரியா இது" என்று ஆச்சரியப்பட்டார்கள். அவர் சொன்னதற்கு ஊரே "சரிங்க" போட்டது. அந்தச் சரிங்க ஒவ்வொன்றையும் அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பாராம். பாதி வயசு போன பிறகு ஒரு மனுஷனுக்கு முதல்முறையாக ஊர் பதில் சொல்லியிருக்கிறது, படிக்க மாட்டாரா?

பலா பழுத்து மலையே மணக்கிற மாதம் அது. பள்ளிக்கூடம் திறந்த புதிது. ஒருநாள் காலையில் பிள்ளைகள் கிளம்புகிற நேரத்தில், பள்ளிக்கூடத்துப் பாதையோரம் விழுந்து கிடந்த பழத்துக்கு ஒரு கரடி வந்துவிட்டது. அர்த்தனாரி பார்த்துவிட்டார். அழித்து அழித்துப் பேச நேரமில்லை. வந்தபடி பேசி அனுப்பிவிட்டார். "க... கரடி பள்ளிக்கூடத்துப் பாதையில நி... நி... நி... நி... நி... நிக்குது. புள்ளைங்கள உடாதீங்க."

எல்லாரும் "சரிங்க" போட்டார்கள். பிள்ளைகளைப் பிடித்து வீட்டில் உட்கார வைத்தார்கள். கரடி சாவகாசமாகத் தின்றுவிட்டு வந்த வழியே இறங்கிப் போனது. அன்றைக்கு யாராவது அந்த மனுஷன் வீட்டுக்குப் போய் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரும் போகவில்லை. சதீஷ்குமார் மட்டும் அந்தக் குரலை எடுத்து வெட்டினான்.

சதீஷ்குமார் பானுமதியின் தம்பி. அவள் கடையை ஒட்டி ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கை சும்மா இருக்காது, அதுதான் அவனிடம் கோளாறு. "நி நி நி நி நி நிக்குது" என்பதை மட்டும் கத்தரித்து, நோட்டிஃபிகேஷன் டோனாக்கி, குழுவிலேயே போட்டான். "அர்த்தனாரி டோன் ரெடி. வேணுங்கறவங்க கடைக்கு வாங்க, ஃப்ரீயா வெச்சுத் தாரேன்." அதை வைத்துக்கொண்டால் குழுவில் செய்தி வரும்போது டிங் என்பதற்குப் பதில் அர்த்தனாரி குரல் கேட்கும். கேட்க வேடிக்கையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். பானுமதிகூடச் சிரித்துவிட்டாள். தன் போனில் மட்டும் அதை வைத்துக்கொள்ளவில்லை. சிரிப்பு வருவது நம் கையில் இல்லை. அதைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுவது நம் கையில்தான் இருக்கிறது. அது அந்த வளவில் வேறு ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனிமேல் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு செய்தி போடுவார். ஊரே "சரிங்க" போடும். ஒவ்வொரு சரிங்கவுக்கும் ஒவ்வொரு போனும் "நி நி நி நி நி நிக்குது" என்னும். டீக்கடையில் கேட்டது. பஸ்ஸில் கேட்டது. கோயிலில் தீபாராதனை காட்டும்போது கேட்டது. அர்த்தனாரி ரேஷன் வாங்க வந்து வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவன் சட்டைப் பையிலிருந்தும் பின்னால் நிற்பவள் மடியிலிருந்தும் அவர் குரலே பேசியது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிள்ளைகள், அவர் காப்பாற்றினாரே அதே பிள்ளைகள், அவரைக் கண்டால் டோனை வாயாலேயே போட்டுக் காட்டிவிட்டு ஓடினார்கள்.

அவர் தன் போனில் குழுவின் சத்தத்தை அடைத்து வைத்தார். அதற்கும் சதீஷ்குமார் கூட்டத்தாருக்கு வழி தெரிந்திருந்தது. பேரை டேக் பண்ணிப் போட்டால் அடைத்து வைத்த குழுவும் மணி அடிக்கும். தினமும் விடிந்ததும் அவர் பேரை டேக் பண்ணி, "அண்ணா, இன்னிக்கு என்னங்க நிக்குது?" என்று ஒருவன் கேட்பான். கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். அவற்றை அமுக்கியவர்களில் பாதிப் பேருக்கு அவரைக் கேலி செய்கிற எண்ணமே இல்லை. முன்னால் ஒருவர் போட்டிருக்கிறார், நாம் போடாவிட்டால் திமிர் என்பார்களே என்று போட்டார்கள். அர்த்தனாரிக்கு அது எப்படித் தெரியும்? அவருக்குத் தெரிந்தது ஊர் முழுக்கச் சிரிக்கிறது என்பதுதான்.

அவர் பேசி அனுப்புவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நாள் கழித்து ஒருவர் குழுவில் கேட்டார், "ஏனுங்க, இப்பல்லாம் பஸ்சு சேதி வரதில்லையே?" அதற்கும் வரிசையாக "சரிங்க" வந்தது.

பானுமதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தம்பியிடம் "போதும்டா, பாவம்டா" என்றாள். அவன், "நீ அட்மினா, டீச்சராக்கா? அவரே ஒண்ணும் சொல்லல, உனக்கு என்ன?" என்றான். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதையே ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். சொல்ல முடியாத மனுஷனிடம்!

அவளால் நிறுத்த முடியாது என்று இல்லை. அட்மின் மட்டும்தான் செய்தி அனுப்பலாம் என்று குழுவைக் கட்டிப் போடலாம். போட்டதை அழிக்கலாம். தம்பியை ஒரு மாதம் வெளியே நிறுத்தலாம். செட்டிங்கில் அந்த இடம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறாள். கட்டிப் போட்டால் குழு செத்துப் போகுமே, கலகலப்புப் போய்விட்டால் கடைக்கு யார் வருவார்கள், அட்மின் ஆனதும் இவளுக்குத் தலை கால் புரியவில்லை என்று பேசுவார்களே, கூடப் பிறந்தவனை ஊர் முன்னால் தள்ளிவிட்டதாகுமே என்று ஒவ்வொன்றாக மனதில் ஓடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெஷினை மிதிப்பாள். ஒரே ஒரு தடவை, பூ படம் போட்ட ஒரு செய்தியை எங்கிருந்தோ எடுத்துக் குழுவில் போட்டாள்: 'ஒருவரை ஒருவர் மதித்து நடப்போம்.' எல்லாரும் "சரிங்க" போட்டார்கள். ஒவ்வொரு சரிங்கவுக்கும் ஊர் முழுக்க அர்த்தனாரி டோன் அடித்தது.

ஆவணியில் அர்த்தனாரியின் மகள் சங்கீதாவைக் கேட்டு திருப்புலி நாட்டிலிருந்து வந்தார்கள். பையன் பேர் முருகானந்தம். மரவள்ளி லோடு ஏற்றுகிற லாரி வைத்திருக்கிறான். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பிடித்துப் போயிற்று. வாக்குக் கொடுக்கிற நாள் குறித்தார்கள்.

ஊற்றுக்குழி வளவில் வாக்குக் கொடுப்பதுதான் பெரிய காரியம், தாலி கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு. இரண்டு பக்கத்து ஆட்களும் வாசலில் உட்கார்ந்திருக்க, ஊர்க்கவுண்டர் பெண்ணின் தகப்பனைப் பார்த்து, பிள்ளையைக் கொடுக்கிறாயா என்று கேட்பார். தகப்பன் தன் வாயால் "குடுத்தேனுங்க" என்று சொல்ல வேண்டும். கேட்டதற்கும் சொல்வதற்கும் இடையில் வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. அப்படித் திறந்தால் வாக்கு உடைந்துபோகும் என்பார்கள். தகப்பன் செத்துப் போயிருந்தால்தான் தாய்மாமன் எழுந்து அந்த வார்த்தையைச் சொல்வான்.

ருக்குமணியின் அண்ணன் சின்னக்கண்ணு, "மாப்ள, நானே சொல்லிடறேன், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று கேட்டுப் பார்த்தார். அர்த்தனாரி ஒப்பவில்லை. "எம்... எம் புள்ளய நா... நான்தான் குடுப்பேன்" என்றார். பையனின் அப்பாவிடமும் முன்கூட்டியே போய், தனக்குச் சொல்ல நேரமாகும் என்று மெல்ல மெல்லச் சொல்லி வைத்தார். அந்த மனுஷன் தங்கமானவர். "எவ்வளவு நேரமானாலும் இருக்கோமுங்க சம்பந்தி, எங்களுக்கென்ன பஸ்சுக்கா நேரமாவுது" என்றாராம். அதற்கு அப்புறம் அர்த்தனாரி மிளகுக் கொடிகளுக்கு நடுவில் நின்று அந்த ஒரே சொல்லைப் பழகிக்கொண்டே இருந்தார். ஒரு சொல்தான். ஊருக்கு எதிரில் அவர் சொல்லப் போகிற முதல் சொல்.

அன்றைக்குக் காலையிலேயே பானுமதி போய்விட்டாள். சங்கீதாவுக்குப் புடவை கட்டிவிட வேண்டும் என்று அவளைத்தான் கேட்டிருந்தார்கள். போகும் வழியெல்லாம், வருகிற ஒவ்வொருவரிடமும் போனை அணைக்கச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் போனாள். மடிப்பு வைப்பதிலும் பூ தொடுப்பதிலும் அது விட்டுப் போயிற்று. ஞாபகம் வந்தபோது வாசலில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தாகிவிட்டது. சதீஷ்குமாரும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தான். சின்னுசாமி எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

"அர்த்தனாரி," என்றார் அவர், "உம் புள்ள சங்கீதாவ இவங்க ஊட்டுக்குக் குடுக்கறியா?"

வாசல் அடங்கியது. அர்த்தனாரி எழுந்து நின்றார். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. உதடு குவிந்தது. "கு..." என்று ஆரம்பித்தார்.

யாருடைய பையிலிருந்தோ "நி நி நி நி நி நிக்குது" என்றது.

எங்கோ இருந்து எவனோ குழுவில் ஏதோ போட்டிருக்கிறான். அந்தப் பையின் சொந்தக்காரர் பதறிப்போய்க் கையால் பொத்தினார். மாப்பிள்ளை வீட்டார் யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தார்கள். அர்த்தனாரி கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை இழுத்து விட்டார். மறுபடி உதட்டைக் குவித்தார். "கு... கு... குடு..." அவர் சொல்லிவிடுவார். இன்னும் கொஞ்சம்தான், சொல்லிவிடுவார்.

பானுமதி நிலைப்படியில் நின்றிருந்தாள். ஒரு செய்தி வந்துவிட்டது, இனி சரிங்கவெல்லாம் வரிசையாக வருமே. வாய் திறந்து சொல்ல முடியாது. சொன்னால் வாக்கு உடையும். கை தானாகப் போனை எடுத்தது. 'எல்லாரும் உடனே போனை அணைங்க, தயவுசெஞ்சு' என்று அடித்துக் குழுவில் அனுப்பிவிட்டாள்.

அவள் போனில் அந்த டோன் இல்லாததால் அந்த நேரத்தில் உறைக்கவில்லை போலிருக்கிறது. விரலை எடுத்த பிறகுதான் உறைத்தது.

வாசலில் இருந்த அத்தனை போனும் ஒன்றாகப் பேசின. சட்டைப் பை, மடி, மஞ்சள் பை, தூங்குகிற குழந்தையின் தலைமாடு, எல்லா இடத்திலிருந்தும் அர்த்தனாரி குரல். அதோடு முடியவில்லை. வாசலுக்கு வராமல் காட்டில் இருந்தவர்கள், திருப்பூரில் இருந்தவர்கள், கேரளாவில் இருந்தவர்கள் எல்லாரும் அவள் செய்தியைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, காலகாலமாகச் செய்கிறபடி, மரியாதையாகப் பதில் போட்டார்கள். சரிங்க. நி நி நி நி நி நிக்குது. சரிங்க. நி நி நி நி நி நிக்குது. சதீஷ்குமார் பக்கத்தில் இருந்தவர்களின் போனையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கி அமுக்கினான். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக் குழந்தை ஒன்று முதலில் சிரித்தது. அப்புறம் பெண்கள் சிலர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மூடினாலும் தோள் குலுங்குவது தெரியத்தானே செய்யும்?

அர்த்தனாரி எல்லாம் ஓயும்வரை நின்றுகொண்டே இருந்தார். ஓய்ந்தது.

சின்னுசாமி மறுபடி கேட்டார். அர்த்தனாரி வாயைத் திறந்தார். திக்கவில்லை, சத்தமே வரவில்லை. சின்னுசாமி மூன்றாவது தடவையும் கேட்டார். வேர்வை மட்டும் கழுத்தில் இறங்கியது. அதற்கு மேல் கேட்கக் கூடாது. ஊர்க்கவுண்டர் சின்னக்கண்ணுவைப் பார்த்தார். சின்னக்கண்ணு மச்சானைப் பார்த்தார். அர்த்தனாரி தலையாட்டினார்.

"குடுத்தோமுங்க," என்றார் சின்னக்கண்ணு.

குலவை போட்டார்கள். தட்டு மாற்றினார்கள். நல்ல காரியம் நல்லபடியாக முடிந்தது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். ருக்குமணி மட்டும் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு தன் தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் எதிரே உயிரோடு நிற்கும்போது, அவர் செத்துப் போயிருந்தால் சொல்கிற வார்த்தையைச் சொல்லி அவள் பெண்ணைக் கொடுத்தாகிவிட்டது. பானுமதி அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருந்தால் தேவலை.

அர்த்தனாரி ஒருவரிடமும் முகம் சுளிக்கவில்லை. பந்தியில் அவரே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சதீஷ்குமாரின் இலைக்கு முன்னாலும் நின்று ஊற்றினார். அவன் குனிந்த தலை நிமிரவில்லை, சாப்பிடவும் இல்லை.

சாயங்காலம் பானுமதி கடைக்குத் திரும்பியபோது அவள் போனில் ஒரு வரி வந்திருந்தது. அர்த்தனாரி குழுவை விட்டுப் போய்விட்டார். இப்போதெல்லாம் ஒருவர் போனால் அட்மினுக்கு மட்டும்தான் தெரியும், மற்றவர்களுக்குக் காட்டாது. அதனால் அந்த ஒரு செய்திக்கு மட்டும் யாரும் சரிங்க போடவில்லை. அவள் கடைக் கதவை உள்ளே சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, இத்தனை நாளாக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியதைச் செய்தாள். அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று குழுவைக் கட்டினாள். அந்த டோனையும் கேலியையும் தேடித் தேடி அழித்தாள்.

மறுநாள் சதீஷ்குமார் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு போனிலிருந்தும் டோனை எடுத்தான். எதற்கு என்று கேட்டவர்களிடம், "நான் வெச்சது, நானே எடுக்கறேன்" என்றான். அர்த்தனாரி வீட்டுக்கும் போனான். போய் என்ன பேசினான் என்று அக்காவிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. வளவு அமைதியாகிவிட்டது. ஆனால் பஸ் வளைவு திரும்பியது யாருக்கும் தெரிவதில்லை. பெண்கள் மிளகு மூட்டையோடு பழையபடி நிற்கிறார்கள்.

பானுமதி சின்னுசாமியைப் போய்ப் பார்த்தாள். கல்யாணத்தன்று தாலி கட்டுவதற்கு முன்னால் அர்த்தனாரியை இன்னொரு தடவை கேட்கக் கூடாதா, போன் ஒன்றையும் உள்ளே விடாமல் நானே வாசலில் நின்று வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள். அவருக்கும் வருத்தம்தான்.

"குடுத்த புள்ளய மறுக்காக் குடுக்க முடியுமா கண்ணு?" என்றார். "அது ஒருக்காத்தான்."

ஐப்பசி பிறந்ததும் கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுக்க சங்கீதா கடைக்கு வந்தாள். துணியை மேசைமேல் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். எப்போதும்போல்தான் பேசினாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று பானுமதி கேட்டாள். இருக்கிறார் என்றாள். வீட்டில் முன்பு பேசினதுகூட இப்போது இல்லை, மாட்டைக்கூட அதட்டுவதில்லை, சத்தம் கொடுக்காமல் கயிற்றைப் பிடித்துத்தான் இழுக்கிறார் என்றாள். சொல்லும்போது அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. இருந்திருந்தால் பானுமதிக்குத் தாங்க சுலபமாக இருந்திருக்கும்.

"இப்ப குரூப்புல யாரும் ஒண்ணும் போடறதில்லையேக்கா," என்றாள் சங்கீதா. "கேலி பண்றது எல்லாம் நின்னு போச்சு. யாருங்க நிறுத்துனது?"

"நாந்தான் கண்ணு."

"எப்படிங்க்கா? வாட்ஸ்அப் கம்பெனிக்கு எழுதிப் போட்டீங்களா?"

பானுமதிக்கு முதலில் புரியவில்லை. "கம்பெனிக்கு எதுக்கு? இதுலயே இருக்கு," என்று போனை எடுத்து, செட்டிங்கைத் திறந்து, அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். எல்லாரும், அட்மின் மட்டும் என்று இரண்டு வரி இருந்தது. இரண்டாவது வரியில் பச்சையாக ஒரு புள்ளி.

சங்கீதா குனிந்து பார்த்தாள். தன் விரலை அதற்கு மேலே கொண்டுபோய், தொடாமல், எடுத்துக்கொண்டாள்.

"இவ்வளவுதானுங்களா?" என்றாள்.

பானுமதி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா அப்பல்லாம் உங்க மேல கோவப்படும்ங்க்கா. பானு நெனச்சா நிறுத்தலாமேன்னு. அப்பாதான், பாவம் அந்தப் புள்ள என்ன பண்ணும், அது கையில ஒண்ணும் இல்ல, இருந்தா எனக்காக எப்பவோ நிறுத்தியிருக்கும்னு சொன்னாரு. நின்னு நின்னு, ரொம்ப நேரமாச் சொன்னாரு. வாக்குக் குடுத்தன்னிக்கு ராத்திரி கூட அதையேதான் சொன்னாரு."

பானுமதி அளவு டேப்பைக் கையில் சுற்றினாள், பிரித்தாள், சுற்றினாள். வெளியே ஒரு பஸ் வந்து நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறி, அது போனது.

சங்கீதா எழுந்து, கையை விரித்து, அளவெடுக்கத் தோதாக நின்றாள்.

"இத நான் அப்பாகிட்டச் சொல்ல மாட்டேனுங்க்கா," என்றாள்.